கூப்பிட்டால் ஓடாதவர்

1. ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் ஒரு பெண் ஓடினார்.
2. மதகு பார்க்கிறவர் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார். மழைக்காலத்தில் கரைமேல் ஒருவர் ஓடினால் எங்கோ கரை உடைந்துவிட்டது என்று அர்த்தம். அவர் கத்தினார்.
3. பாலத்தடியில் எங்கள் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கினார்கள். மண் நிரப்பி அடைக்க எங்கள் கடையின் காலிச் சாக்குகளெல்லாம் போயின.
4. கரை முழுக்கத் தேடினார்கள். உடைப்பு இல்லை.
5. ஓடிய பெண் உயர்நிலைப் பள்ளிவரை போய்த் திரும்பி வந்தார். மண்வெட்டியும் சாக்குமாக நின்றவர்களைப் பார்த்து, "எங்கங்க உடைப்பு?" என்று கேட்டார்.
6. அவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறிப்போன டீக்குத் திரும்பினார்கள்.
7. மறுநாளும் ஓடினார்.

அப்போது நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்துக்கொண்டிருந்தேன். கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். துபாயிலிருந்து திரும்பிய அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பாலத்தடியில் மளிகையும் டீயுமாக ஒரு கடை போட்டிருந்தார். ஊரில் நடப்பது எதுவும் அந்தக் கடையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். எதிரே இரண்டு கட்சிகளின் கொடிக்கம்பங்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் ஒன்றுக்குப் புது வண்ணம் பூசுவார்கள், மற்றொன்று துருப்பிடிக்கும்.

ஓடிய பெண் வாய்க்காலுக்குத் தெற்கே இருந்த தெருவைச் சேர்ந்தவர். கால்நடை மருந்தகத்தில் வேலை. மாட்டுக்குச் சினை ஊசி போடுவது, ஆட்டுக்கு மருந்து ஊற்றுவது, காதில் அடையாள வில்லை அடிப்பது எல்லாம் அவர்தான். ஊரில் பாதிப்பேர் அவரை ஊசிக்காரம்மா என்பார்கள். நான் அக்கா என்பேன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் திருப்பூரில் இருந்தார், பண்டிகைக்கு வருவார். துப்பட்டாவைத் தோளிலிருந்து குறுக்கே இறக்கி இடுப்பில் முடிந்துகொண்டு, பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவில் ஓடுவார். ஓடும்போது முகத்தில் சிரிப்பும் இருக்காது, சிரமமும் இருக்காது. மாவு அரைக்க மில்லுக்குப் போகிறவரின் முகம்.

உடைப்பு கலாட்டா முடிந்த அன்று அத்தா அவரிடம் நேராகவே கேட்டார்.

"ஏம்மா தங்கச்சி, ஓடுறதுன்னா சொல்லிட்டு ஓடு. சாக்கெல்லாம் சேறாப் போச்சு. எதுக்குத்தான் ஓடினே?"

"யாரும் கூப்பிடல பாய். அதான் ஓடினேன்."

"கூப்பிடாம யாராச்சும் ஓடுவாங்களா?"

"அதத்தான் பாய் நானும் பாக்கணும்னு ஓடினேன். ஓட முடியுது."

அத்தாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். எங்கள் பக்கத்தில் ஓட்டத்துக்குக் காரணம் வேண்டும். உடைப்பு, சாவு, தீ, அறுத்துக்கொண்டு போகும் மாடு, புறப்படும் பஸ். இவற்றில் எதுவும் இல்லாததால் ஊர் தானாகவே சில காரணங்களைத் தயாரித்தது. சர்க்கரை வந்துவிட்டது. போலீஸ் தேர்வுக்குத் தயார் செய்கிறார் (வயது தாண்டிவிட்டது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை). வேண்டுதல். புருஷனோடு தகராறு. கடைசியாக, வீட்டில் வேலை இல்லாத திமிர். இதில் கடைசிக் காரணத்தை வாய்க்காலுக்கு வடக்கே இருந்தவர்கள் வைத்திருந்தார்கள். அதுதான் அதிக நாள் நிலைத்தது.

காரணத்தை அவரே ஒருநாள் சொன்னார். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"எங்கம்மா பெரிய வீட்டுப் பண்ணையில இருந்துச்சு. கொல்லைக் கதவுல நின்னு ஒரு சத்தம் குடுப்பாங்க. எங்க இருந்தாலும் ஓடணும். நடந்து வந்தா, 'என்னடி, தேரு மாதிரி அசைஞ்சு வர்றே'ன்னு கேப்பாங்க. நெறமாசத்துலயும் வரப்புல ஓடியிருக்கு. நான் உள்ளதான் இருந்தேன். அப்பவே எனக்கு ஓடிப் பழக்கம்னு வெச்சுக்குங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அதனால ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். கூப்பிட்டா ஓட மாட்டேன். கூப்பிடலேன்னா ஓடுவேன்."

இதை ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். ஆனால் அவர் அதை அப்படியே கடைப்பிடித்தார். காலையில் பள்ளிக்கூடம்வரை ஓடிவிட்டு வருகிறவர், ஒன்பது மணி பஸ்ஸுக்கு ஓடமாட்டார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஓடியா ஓடியா" என்று கையைச் சுழற்றுவார். இவர் பையை மாட்டிக்கொண்டு நடந்து வருவார். பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்குக் கொடிக்கம்பத்தின் அடியில் நிற்பார்.

"காலையில அவ்வளவு தூரம் ஓடுறியே, பஸ்ஸுக்கு நாலு எட்டு ஓடினா என்னா?" என்று அத்தா கேட்பார்.

"அந்தாளு கூப்பிடுறாரே பாய்."

விலையில்லா ஆடு கொடுத்த விழாவிலும் இதேதான் நடந்தது. பள்ளி மைதானத்தில் பந்தல். அமைச்சர் வந்திருந்தார். ஆடுகளுக்குப் பொறுப்பு இவர். மேடையில் பயனாளி நிற்கிறார், அமைச்சர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், போட்டோகிராபரும் தயார். ஆடுதான் இல்லை. ஆடுகளை மைதானத்தின் அந்தக் கோடியில் கட்டியிருந்தார்கள். மைக்கில், "ஊசிக்காரம்மா, ஆட்டைப் புடிச்சிக்கிட்டு ஓடியாங்க, அண்ணன் காத்திருக்காரு" என்றார்கள். இவர் ஒரு ஆட்டை அவிழ்த்தார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். மைதானத்தின் முழு நீளத்தையும் நடந்து வந்தார். வழியில் ஆடு நின்று புல் மேய்ந்தது, அதற்கும் நின்றார். அமைச்சர் நீட்டிய கையை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நின்றது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மேலதிகாரி அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். "ஆடு ஓடினால் வாயில் நுரை தள்ளும், அமைச்சர் முன்னால் அது நன்றாக இருக்காது" என்று பதில் எழுதியதாக அவரே சொன்னார்.

இதுவரை சொன்னதெல்லாம் கேட்கச் சுவையாக இருக்கிறது. சுவையாக இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

அவருடைய தெருவிலேயே ஒருவருக்கு ஒரே ஒரு பசு. கன்று போட முடியாமல் கிடந்தது. கொட்டகை வயலைத் தாண்டி இருந்தது, வரப்பில்தான் போக வேண்டும், வண்டி போகாது. அந்த மனிதரின் மகள் எங்கள் கடைக்கு ஓடி வந்து, "அக்கா, கன்னு கால் மட்டும் வெளிய வந்துருக்கு, ஓடியாங்க அக்கா" என்று அழுதாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர் உடனே எழுந்தார். ஆனால் நடந்தார். வேகமாக நடந்தார், உண்மைதான். பாலத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சை வயலுக்கு நடுவே மாட்டுக்காரரின் மகள் முன்னால் ஓடுவதும், நின்று திரும்பிப் பார்ப்பதும், மறுபடி ஓடுவதுமாக இருந்தாள். இவர் ஒரே சீராக நடந்துகொண்டிருந்தார்.

பசு பிழைத்தது. கன்று செத்துவிட்டது.

மாட்டுக்காரர் கடைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் அவரைக் கேட்டார். "ஒங்க ரோசத்த பெரிய வீட்டுல காட்டுங்க. நம்ம சனத்துக்கிட்டயா காட்டுவீங்க?"

"ஓடி வந்தா கை நடுங்கும். நடுங்குற கைய மாட்டு வயித்துல விட முடியாது. மாடாவது இருக்குல்ல" என்றார் அவர்.

அவர் சொன்னது தொழிலில் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் மாட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை, கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அடுத்த சில நாள்கள் அவர் காலையில் ஓடவும் இல்லை. அன்று நடந்தே போனதற்குக் காரணம் கை நடுக்கமா, அவர் பண்ணிய முடிவா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவரைப் பிடிக்கும் என்று நான் சொல்லும்போதெல்லாம் அந்த வரப்பும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தார். அதற்குள் காலமும் மாறிக்கொண்டிருந்தது.

முதலில் டவுனில் டாக்டர்கள் சொல்லி நடக்கிறவர்கள் வந்தார்கள். பேங்க் மேனேஜர், ஜவுளிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார். மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே அரசியல் பேசினார்கள். பிறகு நடந்தவர்களில் சிலர் ஓடினார்கள். பெங்களூரில், துபாயில் வேலை பார்த்த பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பளபளக்கும் ஷூவோடு வந்து ரோட்டில் ஓடினார்கள். ஓடுவதற்கென்று பனியன், ஓடுவதற்கென்று கைக்கடிகாரம். அத்தா குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி வைத்தார், வாழைப்பழத் தாரை முன்னால் இழுத்துக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரமே தனி. ஓடுகிறவர்களைப் பார்த்து யாரும் மண்வெட்டி எடுப்பதில்லை. ஆனால் இவர் ஓடினால் மட்டும் அது திமிர் என்றே இருந்தது. டவுன்காரர் ஓடினால் ஆரோக்கியம், மாட்டு ஊசி போடுகிறவர் ஓடினால் திமிர். தெற்குத் தெருப் பள்ளிப் பெண்கள் சிலர் அவர் பின்னால் ஓட ஆரம்பித்த பிறகு அது திமிரோடு நிற்கவில்லை, 'ஊர் கெட்டுப் போச்சு' ஆனது. எங்கள் வீட்டிலும் அம்மா, கல்யாணமாகாத மகளான என்னைப் பார்த்து, "கொமருப் புள்ளைங்கல்லாம் ஓடுதாமே, நீயும் ஷூ வாங்கப் போறியாக்கும்" என்றார். நான் அப்போது வாங்கவில்லை.

அந்த வருடம் புரட்டாசியில் பெரிய வீட்டுக்காரர் கரையில் கேட் போட்டார்.

இது ஓட்டத்தைப் பற்றிய விஷயம் இல்லை, நிலத்தைப் பற்றியது. வாய்க்கால் கரை பொதுப்பணித்துறையுடையது. இதற்கு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை, கேட் போட்டவருக்கே தெரியும். கரையின் ஒரு பக்கம் அவருடைய தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டி, தெற்குத் தெருக்காரர்களுக்கு நில உச்சவரம்பில் கிடைத்த நிலம். ஒரு காலத்தில் பெரிய வீட்டு நிலமாக இருந்து, சட்டம் வந்து, பல வருடச் சண்டைக்குப் பிறகு கைமாறிய நிலம். அந்த நிலத்துக்கு வண்டியோ இயந்திரமோ போக வேண்டுமானால் கரை ஒன்றுதான் வழி. கேட் பூட்டிவிட்டால் அறுவடை இயந்திரம் உள்ளே போகாது. கையால் அறுக்க ஆள் கிடைக்காது. இரண்டு போகம் வயலிலேயே கொட்டிவிட்டால் நிலத்தை விற்றுத்தான் ஆக வேண்டும், வாங்க ஒருவர்தான் இருப்பார். வாங்குகிறவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

தெற்குத் தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். துறை அலுவலகத்தில் "வந்து பாக்குறோம்" என்றார்கள். இரண்டு கொடிக்கம்பத்துக்காரர்களும், "பேசி முடிச்சுக்கலாம்" என்றார்கள். ஆளும் கட்சிக்காரர் பெரிய வீட்டு மாட்டுக் கொட்டகையில் டீ குடித்துவிட்டு வந்தார், எதிர்க்கட்சிக்காரர் வேலை இருக்கிறது என்று திண்டுக்கல் போய்விட்டார். ஆள் ஏறிக் குதித்துப் போகலாம். மாடு போகாது, இயந்திரம் போகாது. சம்பா பயிர் கதிர் வைத்துக்கொண்டிருந்தது.

ஊசிக்காரம்மாவும் அப்போது கேட்டுவரை ஓடி, தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். "ஏறிக் குதிச்சுப் போக வேண்டியதுதானே?" என்று அத்தா கேட்டதற்கு, "நான் ஒருத்தி குதிச்சு என்ன பாய் ஆவப் போவுது? நெல்லு குதிக்குமா?" என்றார். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய அப்பா பெயரிலும் கொஞ்சம் நிலம் இருந்தது.

பெரிய வீட்டின் இளைய மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே ஓடப் பழகி, பெரிய பெரிய ஓட்டங்களில் ஓடி வாங்கிய பதக்கங்களை வைத்திருந்தான். தை மாதம் ஊரில் ஒரு ஓட்டம் நடத்துவது என்று டவுன் டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்தான். எங்கள் கடையிலிருந்து புறப்பட்டு, வாய்க்கால் கரை வழியாகப் போய், உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் முடிய வேண்டும். பச்சை வயல், தண்ணீர், தென்னை என்று போட்டோவுக்கு நன்றாக இருக்கும். கெட்ட பிள்ளை இல்லை. அவனுக்கு அந்தக் கேட் ஒரு கேட், அவ்வளவுதான்.

கடையில் அவரைப் பார்த்துப் பேசினான். ஊரில் பெரியவர்கள்கூட அவனைச் சின்னய்யா என்பார்கள். இவர் தம்பி என்றார்.

"அக்கா, நீங்க கண்டிப்பா ஓடணும். ரொம்ப நல்லா ஓடுறீங்க. உங்க பேஸ் என்ன?"

"ஃபேஸா? இதான் தம்பி" என்று முகத்தைக் காட்டினார்.

அவன் கேட்டது ஓட்ட வேகத்தை. சிரித்துவிட்டான். "அப்பாக்கிட்ட சொல்லிட்டேன். அன்னிக்குக் கேட்டத் தொறந்து வெப்பாங்க."

"எத்தன மணி வரைக்கும்?"

"ஓட்டம் முடியிற வரைக்கும்."

"நான் மெதுவா ஓடுறவ தம்பி. பாதியில பூட்டிட்டீங்கன்னா?"

"கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் பூட்ட மாட்டோம் அக்கா. எங்க போனாலும் அதான் ரூல்."

"நல்ல ரூலா இருக்கே. அத மைக்ல சொல்லுங்க. எங்க சனம் பயப்படும்."

சொன்னான். ஓட்டத்தன்று பாலத்தடியில் டாக்டர், சப்-இன்ஸ்பெக்டர், தலைமையாசிரியர், இரண்டு கட்சிக்காரர்கள், டவுனிலிருந்து வந்த நூற்றுக்கணக்கானவர்கள் எல்லோர் முன்னாலும் மைக்கில் சொன்னான். "யாரும் அவசரப்பட வேண்டாம். கடைசி ஆள் கோட்டைத் தாண்டுற வரைக்கும் எங்க தோப்புக் கேட்டு தொறந்தே இருக்கும். இது எங்க குடும்பத்தோட வாக்கு." கைதட்டினார்கள். தெற்குத் தெருக்காரர்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

விசில் அடித்தார்கள். மஞ்சள் பனியன் கூட்டம் மொத்தமும் கரையில் ஏறியது. பனியனைச் சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டு, நெஞ்சில் எண் குத்திக்கொண்டு இவர் மட்டும் நின்றார்.

"அக்கா, விசில் அடிச்சாச்சு. ஓடுங்க."

"அடிச்சாங்க தம்பி, கேட்டுச்சு. நீங்க போங்க."

எங்கள் கடைக்கு வந்து ஒரு டீ குடித்தார். அத்தா காசு வேண்டாம் என்றார். கூட்டம் கண்ணுக்கு மறைந்து, மைக்செட்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பித்த பிறகு, யாரும் பார்க்காத ஒரு நேரத்தில் ஓட ஆரம்பித்தார். நான் சைக்கிளில் பின்னால் போனேன். நான் அவர் ஓடிப் பார்த்ததிலேயே அன்றைக்குத்தான் நன்றாக ஓடினார். மூச்சு வாங்கி நின்ற பேங்க்காரர்களைத் தாண்டினார், தாசில்தாரைத் தாண்டினார், கேட்டைத் தாண்டினார். தோப்பு முடிந்து தெற்குத் தெரு வயல் வந்தது. கதிர் சாய ஆரம்பித்திருந்தது.

மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

முதலில் கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்தார்கள். தலைமையாசிரியர் கூப்பிட்டார். டாக்டர் கூப்பிட்டார். எல்லோரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். "வாங்க, வாங்க, ரெண்டு எட்டுதான், ஓடி வாங்க." அவர் பக்கத்திலிருந்த புங்கமரத்து நிழலுக்குப் போய் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக முடித்தார்கள். தாசில்தாரும் முடித்தார். பதக்கம் கொடுத்தார்கள். பொங்கலும் சாம்பாரும் கொடுத்தார்கள். இவர் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார். கோட்டைத் தாண்டவில்லை.

சின்னவன் வந்து பக்கத்தில் குந்தினான். "அக்கா, நீங்கதான் கடைசி. முடிச்சுட்டீங்கன்னா நாங்க எல்லாத்தையும் கட்டிடுவோம்."

"இன்னிக்கு முடிக்கிற மாதிரி இல்ல தம்பி."

"அப்ப எப்ப?"

"தெரியல. முடிச்சா சொல்றேன். அதுவரைக்கும் கேட்டு தொறந்திருக்கும்ல?"

அவன் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வந்தது தெரிந்தது. எழுந்தான். அதற்குள் அவன் அப்பா, பெரிய வீட்டுப் பெரியவர், காரில் வந்து இறங்கினார். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"என்ன புள்ள, நாடகமா?"

"நாடகம் இல்லீங்க. ஓட்டம்."

"ஓட்டம்னா ஓடு. எழுந்திரு, ஓடு."

அவர் எழுந்திருக்கவில்லை. புங்கமரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு, "அப்பிடிச் சொன்னா எனக்குக் கால் வராதுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. சுற்றி நின்ற தெற்குத் தெருப் பெண்களில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நிற்கவில்லை.

"மைக்ல ஆயிரம் பேசுவாங்க. மைக் என்ன பத்திரமா?" என்றார் பெரியவர், பொதுவாக எல்லோரையும் பார்த்து.

சப்-இன்ஸ்பெக்டர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பொங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவன்தான் பேசினான். "நான் சொன்னேன்ப்பா. நம்ம வீட்டுப் பேரச் சொல்லிச் சொன்னேன்."

பெரியவர் காரில் ஏறினார். சாயங்காலம் கேட்டில் பூட்டுத் தொங்கியது.

மறுநாள் காலை இவர் வழக்கம்போல் ஓடினார். கேட்டுக்கு முன்னால் நின்றார். நெஞ்சில் அதே மஞ்சள் பனியன், அதே எண். இந்த முறை தனியாக நிற்கவில்லை. தெற்குத் தெருவில் அன்று வேலைக்குப் போனவர்கள் குறைவு. மாட்டுக்காரர் தன் பசுவோடு வந்து நின்றிருந்தார். அவரும் ஊசிக்காரம்மாவும் கன்று செத்ததிலிருந்து பேசிக்கொண்டதில்லை, ஆனாலும் வந்து நின்றார். கோஷம் எதுவும் இல்லை. யாரும் கேட்டைத் தொடவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான்.

வெயில் ஏறும்போது சின்னவன் ஓட்டத்துக்குப் போடும் ஷூவோடு, கையில் சாவியோடு வந்தான். பூட்டைத் திறந்து, பூட்டையும் சங்கிலியையும் கையிலேயே எடுத்துக்கொண்டான். வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று யாருக்கும் தெரியாது. கன்னம் ஒருபக்கம் சிவந்திருந்தது என்று பின்னால் சிலர் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை.

"வாங்க அக்கா" என்றான்.

"கூப்பிடாதீங்க தம்பி."

அவன் ஒதுங்கி, வாய்க்காலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அதன் பிறகு அவர் ஓடினார். மாடு பின்னால் நடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுன்காரர்கள் வந்தார்கள். முடியாத ஓட்டம் ஒன்று எங்கள் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாரோ போனில் பரப்பியிருந்தார்கள். அவரோடு சேர்ந்து ஓடுவது ஒரு விளையாட்டானது. கோட்டுக்கு முன்னால் அவர் நிற்பார், மற்றவர்கள் தாண்டிப் போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள். வாரா வாரம் வந்தார்கள். டாக்டர் வந்தார், சப்-இன்ஸ்பெக்டரின் மனைவி வந்தார். அந்தக் கேட்டை இனிப் பூட்டுவது சுலபமில்லை என்று பெரியவருக்குத் தெரிந்தது. மாசியில் அறுவடை இயந்திரம் கேட் வழியாக உள்ளே போனது. பட்டப்பகலில், ரோட்டில் பெரியவர் காரை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனது.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தெற்குத் தெருக்காரர்கள் தலைமுறையாக நடந்த நடைக்கும், கொடுத்த மனுவுக்கும் திறக்காத கேட், பனியன் போட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு ஓடியதால் திறந்து கிடக்கிறது. அவரிடம் இதைச் சொன்னேன்.

"அவங்க யாருக்காக ஓடினா ஒனக்கென்ன?" என்றார். "நெல்லு வீட்டுக்கு வந்துருச்சா, இல்லையா?"

"வந்துருச்சு. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல அக்கா?"

"இருக்கு. அதுக்கும் சேத்துத்தான் நான் இன்னும் முடிக்காம இருக்கேன்."

அவர் அத்தாவிடம் அந்த மாதத்து மளிகைக்குச் சீட்டு கொடுத்துவிட்டு, ஒன்பது மணி பஸ்ஸுக்கு நடந்து போனார்.

இரண்டு ஆண்டுக்குப் பிறகு அவரை முத்துப்பேட்டைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். யார் சொல்லி மாற்றினார்கள் என்பதில் கடையில் இரண்டு அபிப்பிராயம், இரண்டும் ஒரே வீட்டையே காட்டின. வழியனுப்ப ஒரு கூட்டம் வைத்து, மைதானத்தில் புதுக் கோடு போட்டு, அவர் தாண்டுவதைப் படம் பிடிக்கலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். சால்வைகூட வாங்கிவிட்டார். இவர் சால்வையை வாங்கிக்கொண்டார். கோட்டை அழிக்கச் சொன்னார்.

நான் இப்போது சென்னையில் ரோடு போடும் கம்பெனி ஒன்றில் அளவும் மதிப்பீடும் பார்க்கிறேன். ஷூ வாங்கிவிட்டேன். வேளச்சேரியில் விடியற்காலையில் ஓடுகிறேன், அம்மாவுக்குத் தெரியும்.

இன்றைய நிலவரம் இது. கரை யாருக்குச் சொந்தம் என்று பெரியவர் போட்ட வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கேட் திறந்திருக்கிறது. தெற்குத் தெருவில் யாரும் நிலத்தை விற்கவில்லை. ஓட்டம் ஒவ்வொரு தையிலும் நடக்கிறது, சின்னவன்தான் நடத்துகிறான். முதல் வருட ஓட்டத்தில் ஒருவர் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை.